அது என் கழுத்து

ஸ்ரீரங்கம்,
வியாழக்கிழமை.

சௌபாக்கியவதி ஸ்ம்ருதிக்கு,

மன்னி வைஜயந்தி எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. உடம்பைப் பொறுத்தவரை சௌக்கியம்தான். மற்றபடி செவ்வாய்க்கிழமையிலிருந்து எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அதை வைத்துக்கொண்டு முறையாக எழுத வரவில்லை. நீயும் மாப்பிள்ளை கோவிந்தும் அங்கே நலம் என்று நினைக்கிறேன். உன் நலத்துக்கு என்ன குறைச்சல், அதைத்தான் நாற்பதாயிரம் பேர் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். சிரி. போனில் பதினோரு தடவை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பலாம் என்றால், இதுவரை நான் பேசி அனுப்பியதெல்லாம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று இப்போது தெரிந்துவிட்டது. காகிதத்தை வெட்டி ஒட்டி உன் குரலில் வாசிக்க முடியாதல்லவா? என்னோடு லேபில் வேலை பார்க்கும் ஆரிஃபாவின் அண்ணன் தாஜுதீன் ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் திரும்புகிறார். அவர் பெட்டியில் ஏழு கிலோவுக்கு இடம் இருக்கிறதாம். இரண்டு வருஷமாக நீ கமலினிக்கு அனுப்பிய சாமான்களை எல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு, லேபில் கைக்குழந்தைகளை எடை பார்க்கும் தராசில் வைத்தேன். ஆறு கிலோ எண்ணூறு. மீதி இருநூறு கிராமில் இந்தக் கடிதம் வருகிறது.

செவ்வாய்க்கிழமை நடந்ததை உன் அண்ணா உனக்குப் பூசி மெழுகிச் சொல்லியிருப்பார். நான் நடந்தபடியே சொல்கிறேன், கேள். சாயங்காலம் நாலரை மணி. ஸ்கூல் வேன் வழக்கம்போல் கமலினியைத் தில்லை நகரில் எங்கள் லேப் வாசலில் இறக்கிவிட்டுப் போயிற்று. ஆறு மணிக்கு என் ட்யூட்டி முடிகிற வரை அவள் மூலை நாற்காலியில் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதுவாள். கே.கே. நகரிலிருந்து ஒரு பெண், எட்டு மாதக் குழந்தையை ரத்தம் எடுக்கத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். நான் கையுறை மாட்டிக்கொண்டு குழந்தையின் புறங்கையில் நரம்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அவளோ மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று முகமெல்லாம் பல்லாக, "ஐயோ, இது நம்ம கமலி பாப்பால்ல? ஸ்ம்ருதி மேடம் பொண்ணு! சிங்கப்பூர்லேர்ந்து எப்ப வந்தாங்க?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் என்னைப் பார்த்து, "இங்க இருக்கிறப்ப நீங்கதான் பாப்பாவ பாத்துக்கிறீங்களாக்கா?" என்று கேட்டாள்.

ஆமாம் அம்மா, நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஏழு வருஷமாகப் பார்த்துக்கொள்கிறேன். அதற்கு முன்னால் பத்து மாதம் வயிற்றுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டேன். இதெல்லாம் அந்த நேரத்தில் எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆரிஃபா ஓடி வந்து, "அக்கா, ஊசிய என்கிட்ட குடுங்க, நீங்க போய் தண்ணி குடிங்க" என்று வாங்கிக்கொண்டாள். பதினான்கு வருஷ வேலையில் ஒரு குழந்தையின் கையைப் பாதியில் விட்டுவிட்டு நான் எழுந்து போனது அன்றைக்குத்தான்.

அந்தப் பெண் நல்லவள். அவள் மேல் எனக்கு வருத்தமில்லை. தன் போனைத் திறந்து காட்டினாள். "கமலியும் அம்மாவும்" என்று பெயர். பக்கத்தில் வட்டத்துக்குள் நீ, உன் கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டு என் பெண். போன வருஷம் தீபாவளிக்கு நீ வந்தபோது நானே எடுத்த போட்டோ. எனக்கு அந்த இன்ஸ்டாகிராம் கண்ணராவியெல்லாம் கிடையாது என்று உனக்குத் தெரியும். தெரிந்துதானே செய்தாய்?

நேற்று லீவு போட்டுவிட்டு ஆரிஃபாவின் போனை வாங்கி அறுபத்திரண்டு வீடியோவையும் பார்த்தேன். ஒன்றைக்கூட விடவில்லை. பொம்மை எப்படி, டிபன் பாக்ஸ் எப்படி, எந்தப் படத்துக்குக் குழந்தையை அழைத்துப் போகலாம், எதற்குக் கூடாது என்று ஒரு தாயார் தன் அபிப்பிராயத்தைச் சொல்கிறாளாம். எந்தத் தாயார் ஸ்ம்ருதி? கமலினி பெட்டியைப் பிரிக்கிற வீடியோ எல்லாம் இங்கே, நம் கூடத்தில், நான் எடுத்து உனக்கு அனுப்பியது. அவள் போனைப் பார்த்து, "அம்மா, இது திறக்க மாட்டேங்கறது, அம்மா இங்க பாரேன்" என்கிறாள். போனுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது நான். என்னைத்தான் கூப்பிட்டாள். நான் சொன்ன பதிலை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் "என்னடா கண்ணா?" என்று உன் குரலை வைத்திருக்கிறாய். ஆரிஃபா அதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

அபிப்பிராயமும் என்னுடையதுதான். "மன்னி, நீங்க சொன்னா கரெக்டா இருக்கும், அந்த பாட்டில் எப்படி இருக்குன்னு விவரமா சொல்லுங்கோ" என்று நீ கேட்பாய். இந்த வீட்டில் என் அபிப்பிராயத்தை யார் கேட்கிறார்கள்? உன் அண்ணாவிடம் புது குக்கரைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினால் ஒரு "ம்" வரும். நீ கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் லேப் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு உனக்காகப் பேசி அனுப்புவேன். அந்த பாட்டில் மூடியைத் திறக்க ஒரு பயில்வானை வேலைக்கு வைக்க வேண்டும் என்று சொன்னது நான். ஆறு தடுப்பு வைத்த டிபன் பாக்ஸில் ஒரு முழு இட்லிகூடப் போகாது, இதைச் செய்தவன் வீட்டில் இட்லியே சாப்பிட்டதில்லை போலிருக்கிறது என்று சொன்னதும் நான். அதை நீ அப்படியே, நான் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, நான் சிரிக்கிற இடத்தில் சிரித்துச் சொல்லியிருக்கிறாய். இவ்வளவு வெளிப்படையாகப் பேசுகிற அம்மாவைப் பார்த்ததே இல்லை என்று கீழே ஆயிரம் பேர் எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்தபோது ஒரு நிமிஷம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, வெட்கக்கேடு.

அந்தப் படத்தைப் பற்றிய வீடியோவைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கோடை லீவில் குழந்தைகள் படம் என்று நம்பி அழைத்துப் போனேன். கால் மணி நேரத்தில் அந்த மான்குட்டியின் அம்மாவைக் கொன்றுவிட்டான். குழந்தைகளுக்குப் படம் எடுக்கிறவர்களுக்கு முதலில் ஒரு அம்மாவைச் சாகடிக்காவிட்டால் கதையே நகராதா என்று உன்னிடம் ஆத்திரமாகப் பேசி அனுப்பினேன். கமலினி பாதியிலேயே எழுந்துவிட்டாள். ஆட்டோவில் காவிரிப் பாலம் தாண்டி வீடு வந்து சேரும் வரை என் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை, நகம் பட்டுக் கீறிவிட்டது என்றும் சொன்னேன். நீ கேமராவுக்கு முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் பொண்ணு என் கழுத்தை விடவே இல்லை, இங்க பாருங்க, நகம் பட்ட இடம்" என்று உன் கழுத்தைத் தடவிக் காட்டுகிறாய்.

அது என் கழுத்து, ஸ்ம்ருதி. கீறலும் என்னுடையது. நாலு நாள் எரிந்தது.

என் அபிப்பிராயம்தானே உனக்கு வேண்டும்? இந்தப் பெட்டியில் இருப்பதற்கெல்லாம் சொல்கிறேன், இதையும் வாசித்துக் காட்டு. அந்தப் பேசுகிற பொம்மை பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டால்கூடத் தானாகவே பேச ஆரம்பிக்கிறது. அம்மாவை ரொம்பப் பிடிக்கும் என்று இங்கிலீஷில் சொல்லும். யாரைப் பார்த்துச் சொல்கிறது என்று அதற்கும் தெரியாது. பேட்டரியைக் கழற்றிவிட்டேன். கட்டடம் கட்டுகிற துண்டுகளில் முந்நூறு என்று போட்டிருந்தது, இருநூற்றுத் தொண்ணூற்றி நாலுதான் திரும்பி வருகிறது. மீதி எங்கள் கட்டிலுக்கடியில் இருக்கும், நான் குனிந்து தேடப்போவதில்லை. எலும்புக்கு வலு என்று அனுப்பிய சாக்லேட் பொடியைக் கமலினி ஒரே நாள் குடித்தாள். டப்பா பிரித்தபடியே வருகிறது, வழியில் கொட்டினால் தாஜுதீனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்.

கைக்கடிகாரத்துக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். குழந்தை எங்கே இருக்கிறாள் என்று பெற்றவர்களின் போனில் காட்டும் என்று சொல்லி அனுப்பினாய். உன் அண்ணா போனில்தான் அது தெரிகிறது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உன் நாற்பத்தெட்டாவது வீடியோவில் உன் போனையே தூக்கிக் காட்டி, "என் பொண்ணு இப்ப டான்ஸ் கிளாஸ்ல இருக்கா, இதோ புள்ளி" என்கிறாய். ஊர்ப் பெயரை மறைத்திருக்கிறாய். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் கிடக்கிற இந்தத் தீவை எனக்கு அடையாளம் தெரியாதா? ஆனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ மூச்சிரைக்கப் போன் செய்து கமலினி எங்கே, கமலினி எங்கே என்று கேட்டாய், நினைவிருக்கிறதா? கூடத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருக்கிறாள் என்றதும் அழுதுவிட்டாய். எனக்கு ஒன்றும் புரியவில்லை, பாவம் என்ன பிரியம் என்று நினைத்தேன். அந்தக் கடிகாரம் அவளை ஆற்றுக்கு நடுவில் காட்டியிருக்கிறது என்று நேற்றுதான் அந்த வீடியோவில் நீ சொல்லித் தெரிந்துகொண்டேன். அங்கே உட்கார்ந்துகொண்டு நாள் முழுக்க என் பெண்ணின் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். கடிகாரம் மட்டம். மணி மட்டும் சரியாகக் காட்டுகிறது.

உன் அண்ணாவுக்கு எல்லாம் தெரியும் என்பதுதான் எனக்கு விழுந்த அடி. ஒரு வருஷமாகத் தெரியுமாம். கேட்டால், "பாவம்டி அவ, அவளுக்குன்னு வேற யார் இருக்கா? நமக்கு என்ன குறைஞ்சு போச்சு?" என்று சப்பைக்கட்டு கட்டுகிறார். நேற்று ராத்திரியோடு அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டேன். அவரே ரசம் வைக்கிறார், உப்பு இல்லை, நான் சொல்லவும் இல்லை. நேற்று சாயங்காலம் பேச்சை விட்டுப் பிடித்துக் கேட்டதில் டிசம்பர் விஷயத்தையும் கக்கிவிட்டார். அங்கே ஏதோ குழந்தைகள் படத்தின் முதல் காட்சியாம். மேடையில் நீயும் "உன் பெண்ணும்" கைகோத்துக்கொண்டு நிற்க வேண்டுமாம். அரையாண்டு லீவில் ஒரே ஒரு வாரம் கமலினியை அனுப்பிவைக்கிறேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். ஆடி மாதம் ஸ்கூல் காகிதங்களோடு சேர்த்துப் பாஸ்போர்ட் படிவத்தையும் நீட்டினார். எதற்கு என்றேன். "எடுத்து வெச்சுண்டா எப்பவாவது ஒதவும்" என்றார். நானும் அடுப்பில் குழம்பை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

அந்தப் பாஸ்போர்ட்டை நேற்று ராத்திரியே எடுத்துப் பார்த்தேன். தாயின் பெயர் என்ற இடத்தில் வைஜயந்தி என்று அச்சடித்திருக்கிறான். விமான நிலையத்தில் குழந்தையிடம் உன் அம்மா எங்கே என்று கேட்டால் அவள் யாரைக் காட்டுவாள்? அதையும் சொல்லிக்கொடுத்துவிட்டாயா? நான் ராத்திரி ட்யூட்டி பார்க்கிற நாட்களில் வீடியோ காலில் அவளுக்கு ஒத்திகை நடக்கிறதாமே. உன் அண்ணா பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பிடித்துக்கொண்டிருப்பாராம்.

கமலினி வரமாட்டாள். நீ தலைகீழாக நின்றாலும் வரமாட்டாள். பாஸ்போர்ட் இந்த வீட்டில் இல்லை, உன் அண்ணா தேடி அலுக்க வேண்டாம் என்று சொல்லிவிடு. அப்பா அம்மா போன பிறகு உனக்குப் பிறந்தகம் என்று இருப்பது இந்த ஒரு வீடு. அது தெரிந்தும் எழுதுகிறேன். இனிமேல் என் வீட்டு வாசப்படியை மிதிக்காதே.

சனிக்கிழமை.

கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தேன். பெட்டியை நாளைக் காலையில்தான் ஆரிஃபா வாங்கிக்கொள்ள வருகிறாள். மேலே எழுதியதை மறுபடி படித்துப் பார்த்தேன். கடைசி வரி மேல் ஒரு கோடு போட்டிருக்கிறேன். படிக்க முடிகிற மாதிரிதான் போட்டிருக்கிறேன். மற்றதில் ஒரு எழுத்தைக்கூட அடிக்கவில்லை, அத்தனையும் உனக்குச் சேர வேண்டியதுதான்.

காலையில் கமலினிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். இரண்டு நாளாக வீட்டில் நடக்கிறதை அவள் கவனிக்காமல் இல்லை. பொம்மைகளைப் பெட்டியில் போட்டபோதும் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பிப் பார்க்காமலே, "அம்மா, டிசம்பர்ல ஒரு வாரம் மட்டும் அத்தையை அம்மான்னு கூப்பிடட்டுமா? கோச்சுக்க மாட்டியே? திரும்பி வந்தப்புறம் உன்னையேதான் கூப்பிடுவேன்" என்றாள். யார் சொன்னார்கள் அப்படிக் கூப்பிட என்று கேட்டேன். "அத்தைதான். நான் அத்தையோட குழந்தைன்னு நீயே சொன்னியாமே?" என்றாள்.

எனக்குச் சீப்பு அப்படியே நின்றுவிட்டது. இந்தப் பொய்யையும் குழந்தையிடம் சொன்னாளா என்று முதலில் உன்னைத்தான் வைதேன். பின்னலை முடித்து ரிப்பன் கட்டுவதற்குள் எனக்கே நினைவு வந்துவிட்டது. சொன்னேன். நான்தான் சொன்னேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சித்திரைத் தேருக்கு என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு நீ தனியாக வந்தாய். தேருக்கு வரவில்லை என்று எனக்கு மட்டும் தெரியும். கர்ப்பம் தங்கியிருக்கிறதா என்று பார்க்க என் லேபில் நான்தான் உனக்கு ரத்தம் எடுத்தேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் எடுத்தேன். கர்ப்பம் வளர்ந்தால் அந்த ஹார்மோன் எண் இரட்டிப்பாக வேண்டும். பாதியாக இறங்கியிருந்தது. உனக்கு அது மூன்றாவது தடவை. யாரிடமும் சொல்லாதீர்கள் மன்னி என்றாய், இன்றைக்கு வரை உன் அண்ணாவிடம்கூடச் சொல்லவில்லை. ஊசி டப்பாக்கள் அடுக்கியிருக்கிற அந்தச் சின்ன ரூமில் நீ தரையில் உட்கார்ந்துவிட்டாய். எனக்கு எண்ணைப் படிக்கத்தான் தெரியும், ஆறுதல் சொல்லத் தெரியாது. உன் தலையைப் பிடித்து என் வயிற்றில் சாய்த்துக்கொண்டு, "அழாதேடி, கமலினி உன் குழந்தைதான், உனக்கில்லாததா? எடுத்துக்கோ" என்றேன்.

எல்லோரும் சொல்கிறதுதான். தவிக்கிறவளிடம் வேறு என்ன சொல்வது என்று தெரியாமல் வாயில் வருகிறது. கேட்கிறவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அத்தோடு விட்டுவிடுவாள். நீ விடவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து கமலினியை உன் மடியில் உட்காரவைத்ததும் நான்தான். நீ வாங்கி வந்திருந்த தண்ணீர் பாட்டிலைத் திறக்க முடியாமல் அவள் பல்லால் கடித்தாள். அதைப் பார்த்து நீ சிரித்தாய். மூன்று நாளில் அதுதான் முதல் சிரிப்பு. அதைப் போனில் பிடித்து, நீ ஊருக்குப் போன மறுநாள் மனசு தேறட்டும் என்று உனக்கு அனுப்பினேன். அறுபத்திரண்டில் முதல் வீடியோ அதுதான். புதன்கிழமை பார்த்தபோதே தெரிந்தது. உன்னைத் திட்டுகிற வேகத்தில் அதைப் பார்க்காத மாதிரி தாண்டிப் போய்விட்டேன்.

இதனால் என் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. தீரவில்லை. என் துக்கத்தில் பாதியை எடுத்துக்கொள் என்று நீ கேட்டிருந்தால் எடுத்துக்கொண்டிருப்பேன். லீவு போட்டுவிட்டு அங்கே வந்து உன்னோடு ஒரு மாதம் இருந்திருப்பேன். நீ என் குரலை வெட்டிப் போட்டாய், அதற்குத்தான் மனசு ஆறவில்லை. அந்தக் குழந்தையைப் பார், அம்மா என்று கூப்பிட என்னிடம் ஒரு வாரத்துக்கு அனுமதி கேட்கிறாள். ஏழு வயதில் அவளுக்கு இந்தப் பஞ்சாயத்து தேவையா?

அன்றைக்கு நான் சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். கமலினி உன் குழந்தை இல்லை, ஸ்ம்ருதி. இதை எழுதக் கை வரவில்லை, பேனாவை வைத்துவிட்டுப் போய்க் காபி கலந்து குடித்துவிட்டு வந்து எழுதுகிறேன். அவள் எனக்கும் உன் அண்ணாவுக்கும் பிறந்தவள். நீ அவளுக்கு அத்தை. பெயர் வைத்த அன்று அவளுக்குக் காப்புப் போட்டவள் நீ. கமலினி என்ற பெயரே நீ சொன்னதுதான். நான் வேறு பெயர் வைத்திருந்தேன், உனக்காக விட்டுக்கொடுத்தேன், இதுவரை சொன்னதில்லை.

அந்த நாற்பதாயிரம் பேரிடம் "கமலி என் அண்ணா பொண்ணு" என்று உன் வாயால் சொல்லிவிடு. ஏன் எதற்கு என்று ஒரு காரணமும் சொல்ல வேண்டாம். கேட்டால் கேட்கட்டும், அது அவர்களுக்குச் சம்பந்தமில்லாத விஷயம். சொன்ன பிறகு எல்லாவற்றையும் எடுத்துவிடு. படக் கம்பெனிக்காரனிடம் குழந்தை வராது என்று நீயே சொல்லிக்கொள். கோவிந்த் ஒரு வீடியோவில்கூட இல்லை, கவனித்தேன். வரமாட்டேன் என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். அவரிடம் உட்கார்ந்து பேசு. நான் பேச வேண்டுமென்றாலும் பேசுகிறேன், என் ட்யூட்டி நேரம் உனக்குத்தான் மனப்பாடமாகத் தெரியுமே.

டிசம்பரில் கமலினி அங்கே வரமாட்டாள். நீ இங்கே வா. வைகுண்ட ஏகாதசிக்குப் பகல்பத்து உற்சவம் ஆரம்பித்தால் தெருவில் கால் வைக்க இடமிருக்காது, அதற்கு முன்னாலேயே வந்துவிடு. மாடி ரூமில் உன் அண்ணாவின் பழைய கம்ப்யூட்டர் குப்பையை எல்லாம் ஒழித்துப் போடச் சொல்லியிருக்கிறேன். இரண்டு நாளில் அவரிடம் பேசிய முதல் பேச்சு அதுதான், மனிதர் துடைப்பத்தோடு மேலே ஏறிவிட்டார். பொம்மை வாங்கி வராதே. படம் பிடிக்கிற சாமான் ஒன்றும் கொண்டு வராதே. வெறுங்கையோடு வா. வந்தால் இரண்டு நாள் உன்னை நன்றாகத் திட்டுவேன், தயாராக வா. திட்டி முடித்த பிறகு சாப்பாடு போடுவேன்.

கூப்பிடட்டுமா என்று அவள் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. ஸ்கூலுக்கு நேரமாகிறது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன், இன்றைக்குச் சனிக்கிழமை என்பதுகூட எனக்கு அப்போது நினைவில்லை. அவள் சொல்லவில்லை, பாவம். அந்தப் பதிலை நீயே வந்து அவளுக்குச் சொல்ல வேண்டும். நான் சொன்னால் உன்னைக் குற்றவாளி ஆக்கிவிடுவேன், என் வாய் அப்படி. நீ சொன்னால் அவள் உன் மடியை விட்டு எழுந்திருக்க மாட்டாள்.

கல்யாணமான பெண்ணுக்கு எழுதினால் பெரியவர்கள் கடைசியில் ஒரு ஆசீர்வாதம் எழுதுவது வழக்கம். உனக்கு ஒன்பது வருஷமாக எல்லோரும் அதே ஒரு ஆசீர்வாதத்தைத்தான் எழுதுகிறார்கள். தீபாவளி வாழ்த்தில், பிறந்தநாள் வாழ்த்தில், சேவித்து எழுந்தால் தலையில் கைவைத்து, அடுத்த வருஷம் மடியில் ஒன்று தவழ வேண்டும் என்று. நானும் விடாமல் சொல்லியிருக்கிறேன். நீ ஒவ்வொரு தடவையும் குனிந்து வாங்கிக்கொண்டாய். இந்தத் தடவை அதை எழுதவில்லை. இனிமேலும் எழுத மாட்டேன். ரங்கநாதன் உனக்கு என்ன கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், ஸ்ம்ருதி, நீ நன்றாக இருக்க வேண்டும். நீ மட்டும். அது எனக்குப் போதும்.

கோபத்துடன்,
உன் மன்னி
வைஜயந்தி